கர்ப்பத்திலே பயிலும் காவலர்

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



ஒரு குழந்தையின் சரீரத்தில் நோயை எதிர்க்கும் அணுக்கள் எப்போது உண்டாகின்றன? சபைகளுக்குப் பேசப் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்பது என் வழக்கம். பிறந்தவுடனே என்று சிலர் சொல்வார்கள். தாய்ப்பால் குடித்த பிறகு என்று தாய்மார் சொல்வார்கள். முதல் தடுப்பூசி போட்ட பிறகு என்று எப்படியும் ஒரு பள்ளி ஆசிரியர் சொல்லிவிடுவார். சரியான விடை, கருத்தரித்த மூன்றாவது நான்காவது வாரம். நாள் தள்ளிப்போயிருக்கிறதே என்று தாய் யோசிக்க ஆரம்பித்திருக்கும் சமயம் அது. அதற்குள் உள்ளே வேலை தொடங்கியாயிற்று.

நான் மருத்துவன் அல்ல. இறையியல் கல்லூரியில் எனக்குக் கிரேக்கமும் எபிரெயமும் கற்றுக்கொடுத்தார்கள். வெள்ளையணுக்களைப்பற்றி ஒரு வார்த்தையும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனாலும் பிரசவ வார்டிலும், குறைமாதக் குழந்தைகள் பிரிவின் வாசலிலும் நிற்கிறவன் சில காரியங்களைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கமுடியாது. அந்த வாசலில் போட்டிருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இளந்தாயைப் பார்த்து, "நீ ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் பிள்ளைக்கு இரத்தத்தில் தெம்பு இருந்திருக்கும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் காதாரக் கேட்கிறேன். அவளுக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. ஆகவே நம் டாக்டர்களைத் தொந்தரவு செய்து, புத்தகங்களை வாங்கிப் படித்தேன். கர்ப்பத்தைப்பற்றிப் பேசப் போதகர் எழுந்தால் 139ஆம் சங்கீதம் வரும் என்று உங்களில் சிலர் வேதாகமத்தைத் திறந்தே வைத்திருக்கிறீர்கள். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வோம். இன்று இரத்தத்தின் கதை.

கோழி முட்டையில் மஞ்சட்கரு இருக்கிறது. அது குஞ்சுக்கு ஆகாரம். மனிதக் கருவுக்கு ஆகாரம் தாயிடமிருந்து வருகிறது, மஞ்சட்கரு தேவையில்லை. ஆகிலும் அந்தப் பை மட்டும் நம்மிடமும் உண்டு. எலிக்கும் உண்டு, பசுவுக்கும் உண்டு. கருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பையின் சுவரிலேதான் முதல் இரத்த அணுக்கள் உருவாகின்றன. சிவப்பணுக்களோடுகூட, அந்நியமானதையும் செத்துப்போனதையும் விழுங்கும் ஒருவகை அணுக்களும் அங்கே பிறக்கின்றன. இந்த விழுங்கும் அணுக்களை 1882இல் மெச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, இத்தாலியின் மெசினா நகரில், நட்சத்திர மீனின் குஞ்சுக்குள் முள்ளைக் குத்திவைத்துக் கண்டுபிடித்தார். முள்ளைச் சுற்றி அவை கூடிவந்துவிட்டன.

இவற்றில் சில கருவின் மூளைக்குள் போய்க் குடியேறுகின்றன. இது விசேஷித்த குடியேற்றம். பிற்பாடு எலும்பு மஜ்ஜையிலிருந்து கோடிக்கணக்கான வெள்ளையணுக்கள் வந்தாலும், சுகமாயிருக்கும் மூளைக்குள் இருக்கும் காவலர் அந்த ஆதிக் குடிகளின் சந்ததியாரே. எலிகளில் இதை 2010இல் நியூயார்க்கில் ஆய்வு செய்தவர்கள் நிரூபித்தார்கள். அதுவரைக்கும் பாடப்புத்தகங்கள் எல்லா வெள்ளையணுக்களும் மஜ்ஜையிலிருந்தே வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

மஞ்சட்கருப் பை நெடுநாள் நிலைப்பதில்லை. இரத்தம் உண்டாக்கும் வேலை இடம் மாறுகிறது. நம் ஆயர்மார் சபை விட்டுச் சபை மாற்றலாகிப் போவதைப்போல. நான்காவது வாரத்தின் கடைசியில், கரு ஓர் அரிசி மணியளவே இருக்கும்போது, முதுகுப்பக்கமாக ஓடும் பெருநாடியின் உட்சுவரிலிருந்து சில அணுக்கள் பிதுங்கி வெளியே வருகின்றன. இவைதான் மூல அணுக்கள். ஆயுள் முழுவதும் நம் இரத்தம் இவற்றின் வம்சத்திலிருந்தே வருகிறது. ஓர் எலிக்கருவில் அவை இப்படிப் புறப்படுவதை 2010இல் ராட்டர்டாம் நகர ஆய்வாளர் நுண்ணோக்கியின்கீழ் உயிரோடு பார்த்தார்கள். அங்கேயிருந்து கல்லீரலுக்குப் போகின்றன. இன்று நமக்குப் பித்தநீரும் செரிமானமுமாயிருக்கிற கல்லீரல், கர்ப்பத்தில் பல மாதங்கள் இரத்தத் தொழிற்சாலையாயிருந்தது. அங்கே பெருகியபின், ஏறக்குறைய பதினோராம் வாரம் முதல் எலும்புகளுக்குள் உருவாகிவரும் மஜ்ஜைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகின்றன. அங்கேதான் ஓய்வு பெறும்வரை ஊழியம்.

ஏன் இத்தனை பிரயாணம்? ஒரு காரணம் எளிது: எலும்பே இன்னும் உருவாகாத வேளையில் மஜ்ஜைக்கு எங்கே போவது? இருக்கிற இடத்தில் வேலை நடக்கிறது.

இனி மார்பெலும்பின் பின்னால், இருதயத்தின்மேல் படிந்திருக்கும் தைமஸ் என்னும் சுரப்பிக்கு வருவோம். உடம்பின் எடையோடு ஒப்பிட்டால் அது பிறக்கும்போதே மிகப் பெரியதாயிருக்கும். வயதாக ஆகச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். எனக்கெல்லாம் இப்போது கொழுப்பே மிச்சம். இப்படிச் சுருங்குவதால், இது ஒன்றுக்கும் உதவாத உறுப்பு, செத்த வெள்ளையணுக்களின் கல்லறை என்று நெடுங்காலம் நினைத்தார்கள். 1961இல் லண்டனில் எலிகளின் இரத்தப் புற்றுநோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஜாக் மில்லர் என்ற இளம் மருத்துவர், பிறந்த அன்றே எலிக்குஞ்சுகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். சில வாரங்களில் அவை மெலிந்து, நோய் கண்டு, செத்தன. உயிரோடிருந்தவற்றின்மேல் வேறு இன எலியின் தோலை ஒட்டினார், ஒட்டிக்கொண்டது! அந்நியத் தோலை உதறித் தள்ளுவதற்கு அவற்றின் உடம்பில் ஆள் இல்லை. வளர்ந்த எலியில் இதே அறுவை செய்தால் உடனே பெரிதாக ஒன்றும் நேர்வதில்லை. அதனால்தான் அதுவரை ஒருவருக்கும் தெரியவில்லை.

மஜ்ஜையிலும் கல்லீரலிலும் பிறந்த சில அணுக்கள் தைமஸுக்குப் போய் அங்கே பயிற்சி பெறுகின்றன. அவற்றை டி அணுக்கள் என்கிறார்கள். மனிதச் சிசுவில் எட்டாவது ஒன்பதாவது வாரத்தில் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு முதல் மாணவர் வந்து சேர்கிறார்கள். நான்காவது மாதம் பிறப்பதற்குள் தேறினவர்கள் வெளியே போகத் தொடங்குகிறார்கள். எலியோ இருபது நாள் கர்ப்பம். அதன் டி அணுக்கள் ஏறக்குறைய பிறக்கும் நாளில்தான் வெளியேறுகின்றன. மில்லரின் எலிக்குஞ்சுகள் செத்ததற்கு அதுவே காரணம். நம் நாட்டிலும் பிறவி இருதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு அறுவை செய்யும்போது, இருதயத்தை எட்டுவதற்காகத் தைமஸின் ஒரு பகுதியை வெட்டியெடுக்க நேரிடும். அந்தக் குழந்தைகள் எலிக்குஞ்சுகளைப்போல் மெலிந்து சாவதில்லை. காவலர் பல மாதங்களுக்கு முன்பே புறப்பட்டுப் போய்விட்டார்கள்.

இந்தப் பள்ளியில் தேர்ச்சி மகா கடினம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் உள்ளேயே அழிந்துபோகின்றன. அங்கே நடக்கும் பரீட்சை, சண்டை போடத் தெரியுமா என்பதைக் காட்டிலும், சொந்த வீட்டாரை அடையாளம் தெரியுமா என்பதையே பெரிதும் சோதிக்கிறது. சொந்தச் சரீரத்தின் புரதங்களை எதிரியாக நினைக்கும் அணு அங்கே பெரும்பாலும் தப்புவதில்லை.

ஆனால் சொந்தம் என்பது பிறவியிலே எழுதப்பட்டதா, கற்றுக்கொள்வதா? இதற்கு விடை கொடுத்தது ஒரு மாட்டுத்தொழுவம். அமெரிக்காவில் ஒரு கெர்ன்சி இனப் பசு ஒரே நாளில் இரண்டு காளைகளோடு சேர்ந்து, இரட்டைக் கன்றுகள் ஈன்றது. ஒன்றுக்குத் தகப்பன் கெர்ன்சிக் காளை, மற்றதற்குத் தகப்பன் ஹியர்ஃபோர்ட் காளை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மாடுகளின் இரத்த வகையை ஆராய்ந்துவந்த ரே ஓவன் அந்தக் கன்றுகளின் இரத்தத்தைச் சோதித்தார். ஒவ்வொரு கன்றிலும் இரண்டு தகப்பன்மாரின் இரத்த வகையும் இருந்தன! பசுவின் இரட்டைக் கன்றுகளுக்குப் பெரும்பாலும் கர்ப்பத்திலேயே இரத்தக்குழாய்கள் ஒன்றோடொன்று இணைந்துவிடும். இது முன்னமே தெரிந்த சங்கதி. ஆனால் சிவப்பணு சில மாதங்களே வாழும். வளர்ந்த மாட்டிலும் இரு வகை இருக்கின்றன என்றால், ஒரு கன்றின் மூல அணுக்களே மற்றதன் மஜ்ஜையில் குடியேறி, ஆயுள் முழுவதும் அங்கே இரத்தம் உண்டாக்கிக்கொண்டிருக்கவேண்டும். உடன்பிறந்த அந்நியரை உடம்பு எதிர்க்கவில்லை. ஓவன் இதை 1945இல் வெளியிட்டார்.

ஆஸ்திரேலியாவில் பர்னெட் இதைப் படித்து, கருவில் சந்திக்கிறதையெல்லாம் சரீரம் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்கிறது என்ற கருத்தை 1949இல் எழுதினார். லண்டனில் பீட்டர் மெடாவர் தம் தோழர் பில்லிங்காம், பிரெண்ட் என்பவர்களோடு அதைச் சோதித்தார். மெடாவர் யுத்தகாலத்தில் தீக்காயம்பட்ட போர்வீரருக்கு மற்றவர் தோல் ஏன் ஒட்டுவதில்லை என்ற கேள்வியோடு இந்தத் துறைக்கு வந்தவர். கருவிலிருக்கும் பழுப்பு எலிக்குஞ்சுகளுக்குள் வெள்ளை எலியின் அணுக்களை ஊசியால் செலுத்தினார்கள். குஞ்சுகள் பிறந்து வளர்ந்தபின் வெள்ளை எலியின் தோலை ஒட்டினார்கள். அவற்றில் சில ஏற்றுக்கொண்டன. பழுப்பு முதுகில் வெள்ளை ரோமத் திட்டோடு அந்த எலிகள் சுகமாய் ஓடித் திரிந்தன. 1953இல் அது வெளிவந்தது. 1960இல் பர்னெட்டுக்கும் மெடாவருக்கும் நோபல் பரிசு. இன்று ஒருவர் சிறுநீரகத்தை மற்றொருவருக்குப் பொருத்துகிறார்களே, அது கூடும் என்ற நம்பிக்கையை மருத்துவருக்குக் கொடுத்ததில் அந்த எலிகளுக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் கருவிலிருக்கும் எல்லா உயிரும் எதையும் ஏற்றுக்கொள்ளும் சாதுதானா? இல்லை. செம்மறியாட்டின் கர்ப்பகாலம் சுமார் 150 நாள். 1964இல் சில்வர்ஸ்டீன் என்பவர் கர்ப்பத்திலிருக்கும் ஆட்டுக்குட்டிக்கு அந்நியத் தோலை ஒட்டினார். ஏறக்குறைய 77ஆம் நாளுக்குப்பின் ஒட்டியதை அந்தப் பிறவாத குட்டி உதறிவிட்டது. பாதிக் கர்ப்பத்திலேயே அதற்கு எதிர்க்கத் தெரிந்திருக்கிறது! ஆகவே சிசு பலவீனத்தினால் சகித்துக்கொள்கிறது என்று சொல்ல முடியாது. சகிப்பதற்கென்றே வேறு ஒரு ஏற்பாடு இருக்கவேண்டும்.

அதைக் கண்டுபிடித்த கதை ஜப்பானில் நடந்தது. 1969இல் அங்கே இரு ஆய்வாளர்கள் எலிக்குஞ்சின் தைமஸைப் பிறந்த அன்று எடுக்காமல் மூன்றாம் நாள் எடுத்தார்கள். மில்லர் கண்டதற்கு நேர்மாறாக நடந்தது. எலியின் கருப்பைச் சூலகம் அழிந்துபோயிற்று. அவற்றின் சொந்த வெள்ளையணுக்களே அதைத் தாக்கின என்பது பிற்பாடு தெரிந்தது. சிமோன் சகாகுச்சி இந்த நூலைப் பிடித்துக்கொண்டு பல வருடங்கள் சென்றார். சுகமான எலியின் டி அணுக்களை அந்தக் குஞ்சுகளுக்குக் கொடுத்தால் நோய் வராமல் நின்றது. அப்படியானால் டி அணுக்களிலேயே தாக்குகிறவர்களும் உண்டு, தாக்குகிறவர்களை அடக்குகிறவர்களும் உண்டு. எலியில் தாக்குகிறவர் முதலாவது புறப்படுகிறார்கள், அடக்குகிறவர் சில நாள் பிந்திப் புறப்படுகிறார்கள். மூன்றாம் நாளில் கதவை மூடினால் முந்தினவர் மட்டும் வெளியே. 1995இல் அந்த அடக்கும் அணுக்களை அவர் அடையாளம் காட்டினார். 2001இல் அமெரிக்காவில் மேரி பிரங்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் அவற்றோடு சம்பந்தப்பட்ட மரபணுவைக் கண்டார்கள். அந்த மரபணு பழுதாய்ப் பிறக்கும் ஆண் குழந்தைகள் உண்டு, அபூர்வமான நோய். பிறந்த சில வாரங்களிலேயே அவர்களுக்குச் சர்க்கரை வியாதியும் ஓயாத பேதியும் வரும். தங்கள் காவலரே தங்கள் கணையத்தையும் குடலையும் அழிப்பதால். 2025ஆம் வருடத்து நோபல் பரிசு இம்மூவருக்கும் கிடைத்தது.

மனிதச் சிசுவில் அடக்கும் அணுக்கள் பிறப்பதற்கு வெகு முன்னே மிகுதியாயிருக்கின்றன. 2008இல் சான்பிரான்சிஸ்கோவில் வெளியிட்ட ஆராய்ச்சி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. தாயின் அணுக்கள் நஞ்சைக் கடந்து சிசுவின் நிணநீர் முடிச்சுகளுக்குள் போய்க் குடியிருக்கின்றன. சிசுவுக்கு அவை பாதி அந்நியம்தான். சிசு அவற்றைத் தாக்காமல், அவற்றைத் தாக்காதிருக்கும்படி அடக்கும் அணுக்களை உண்டாக்குகிறது. தாய் பிள்ளையைச் சகிக்கிறாள் என்று எல்லாருக்கும் தெரியும். பிள்ளையும் தாயைச் சகிக்கக் கற்றுக்கொள்ளவேண்டியிருக்கிறது என்று யார் நினைத்தோம்?

இப்போது அந்தப் பெஞ்சில் இருக்கும் தாய்க்கு வருகிறேன்.

அணுக்கள் இருந்தாலும், சிசுவுக்கு உலகத்தின் கிருமிகளோடு பழக்கமில்லை. அந்தப் பழக்கமெல்லாம் தாயின் இரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களாக இருக்கிறது. அவள் சின்ன வயதில் கண்ட அம்மை, போட்டுக்கொண்ட ஊசி, எல்லாவற்றின் நினைவும் அதில் அடக்கம். நஞ்சு இவற்றைச் சிசுவுக்குக் கடத்துகிறது. சும்மா கசிந்து போவதல்ல. அதற்கென்று உள்ள ஏற்பி ஒவ்வொன்றையும் பிடித்து அக்கரை சேர்க்கிறது. நான்காவது மாதத்தில் கொஞ்சமாகத் தொடங்குகிறது. ஐந்தாம் மாதத்தில் தாயின் அளவில் பத்தில் ஒரு பங்கும் இராது. 28 முதல் 32 வாரங்களில் ஏறக்குறைய பாதி. கடைசி நான்கு வாரங்களில்தான் பெரும்பகுதி போய்ச் சேருகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் இரத்தத்தில் தாயின் அளவுக்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருக்கும்.

ஆகவே ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு இது குறைவாயிருப்பது தாய் சாப்பிடாததினால் அல்ல. வந்து சேரவேண்டிய பங்கு வந்து சேர நாள் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்று ஊரில் சொல்வதுண்டு, அதிலும் உண்மையில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே. இதை நான் பாட்டிமாரிடம் கையில் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுகிறேன். சிலர் ஒத்துக்கொள்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதவர்களும் மருமகளைத் திட்டுவதை அன்றைக்காவது நிறுத்துகிறார்கள். குறைமாதப் பிரிவில் நம் நர்சுகள் முழங்கைவரை கை கழுவச் சொல்லிக் கண்டிப்பாயிருப்பதும், குழந்தையைப் பார்க்க வந்த சொந்தக்காரரைத் திருப்பி அனுப்புவதும் இதனால்தான்.

பசுவின் நஞ்சு இந்தப் புரதங்களைக் கடத்துவதேயில்லை. கன்று ஒன்றுமில்லாமல் பிறக்கிறது. முதல் ஒரு நாளுக்குள் சீம்பால் குடித்தால் குடல் வழியாக இரத்தத்தில் சேரும், பிறகு அந்த வாசல் அடைபட்டுவிடும். மாடு வளர்ப்பவர் யாரும் கன்றுக்கு முதல் சீம்பாலைத் தராமல் விடமாட்டார்கள். அதே வீட்டில் பிள்ளை பிறந்தால், தாயின் சீம்பால் மஞ்சளாய் இருக்கிறது, கெட்டது என்று பீய்ச்சிக் கீழே விட்டு, சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கிற வழக்கம் இன்னும் முழுதாய்ப் போகவில்லை. மனிதக் குழந்தைக்குச் சீம்பால் இரத்தத்தில் சேர்வதைவிட, குடலின் உட்புறத்தைக் காக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அது ஒரு சொட்டானாலும் மருந்து.

கர்ப்பிணிக்குப் போடும் இரணஜன்னி ஊசியும் இந்த வழியைத்தான் நம்புகிறது. ஊசி தாய்க்கு, புரதம் நஞ்சைக் கடந்து பிள்ளைக்கு. சுத்தமில்லாத பிளேடினால் கொடியறுத்து, ஏழாம் எட்டாம் நாளில் விறைத்து, பால் குடிக்க வாய் திறக்க மாட்டாமல் செத்துப்போன குழந்தைகளை என் வயதுக்காரர் மறந்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றுக்கும் குறைவு என்ற நிலைக்கு இந்தியா வந்துவிட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. ஊசி, சுத்தமான பிரசவம், இரண்டும் சேர்ந்து செய்த வேலை. கிராமத்துக் கிளினிக்குகளுக்கு நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி குளிர்பெட்டிக்கும் ஜீப்பின் டீசலுக்கும் போகிறது என்று கணக்கில் பார்த்திருப்பீர்கள். ஊசி மருந்து வெயிலில் கெடாமல் போய்ச் சேரவேண்டும்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். நஞ்சின் வழியாகப் போக்குவரத்து ஒருபக்கமாக மட்டும் நடப்பதில்லை. சிசுவின் அணுக்களும் தாய்க்குள் வருகின்றன. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், மகனைப் பெற்று 27 வருடங்கள் கழிந்த ஒரு தாயின் இரத்தத்தில் அந்த ஆண் சிசுவிலிருந்து வந்ததாக எண்ணப்படும் அணுக்கள் காணப்பட்டன. கரு கலைந்துபோன பெண்களிலும் இவ்விதமான அணுக்கள் கண்டிருக்கிறார்கள். குழந்தையை அடக்கம்பண்ணிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போகும் தாய்க்கு இதைச் சொல்லலாமா கூடாதா என்று எனக்குள் வெகுநாள் தயக்கம் இருந்தது. கேட்டவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஒருத்தி, "எந்த இடத்திலே இருக்கும், ஐயா?" என்று கேட்டாள். இரத்தத்தில், மஜ்ஜையில், இன்னும் பல உறுப்புகளில் இருக்கலாம் என்று டாக்டர்கள் சொல்வதைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம். கடினமானவற்றை முன்வரிசையில் இருக்கும் நம் குழந்தைகள் டாக்டரிடம் கேளுங்கள். காப்பி வரும்வரை அவர் இருப்பதாகச் சம்மதித்திருக்கிறார்.